எல்பிஏ மரபணு: அளக்க எந்த வழி, அடக்க எந்த வழி?

ரத்தத்தில் லிப்போபுரோட்டீன்(ஏ) என்ற கொழுப்புத் துகளின் அளவைத் தீர்மானிக்கும் எல்பிஏ மரபணுவோடு வேலை செய்யும் குழு எதுவானாலும், ஆய்வகமோ மருந்து நிறுவனமோ, இரண்டு கேள்விகளில் வந்து நிற்கும். இதயத் தமனி நோயின் அபாயத்தைக் காட்டும் உயிரிச்சுட்டியாக எதை அளப்பது? மருந்தின் இலக்காக எந்தக் கட்டத்தில் கைவைப்பது? இவற்றை இரண்டு துறைகளுக்குப் பிரித்துக் கொடுப்பதுதான் வழக்கம். இந்த மரபணுவைப் பொறுத்தவரை அது சரிப்படாது. அளவிடும் முறையில் உள்ள குறை மருந்தின் பலனாகவே வேடம் போட்டு வந்து நிற்கும். இரண்டுக்கும் வேர் மரபணுவின் அமைப்பில் இருக்கிறது.

எல்பிஏ 6ஆம் குரோமோசோமின் நீண்ட கையில், பிளாஸ்மினோஜென் (ரத்தக் கட்டியைக் கரைக்கும் புரதம்) மரபணுவை ஒட்டி இருக்கிறது. பழங்காலத்தில் அந்த மரபணுவே இரட்டித்து உருவானதுதான் இது. இது தரும் அப்போ(ஏ) புரதம் கல்லீரலில் உருவாகி, எல்டிஎல் (‘கெட்ட கொழுப்பு’) போன்ற ஒரு கொழுப்புத் துகளின் அப்போபி புரதத்தோடு இணைகிறது. அப்படி இணைந்த துகளே லிப்போபுரோட்டீன்(ஏ). 1963இல் நார்வேயின் கோரே பெர்க் இதைக் கண்டறிந்தார். அப்போ(ஏ)வில் கிரிங்கிள் எனப்படும் வளைய மடிப்புகள் வரிசையாக உள்ளன. நான்காம் கிரிங்கிளில் பத்து வகை. அவற்றில் ஒன்பது, ஒரு புரதத்தில் ஒரே ஒருமுறைதான் வரும். இரண்டாம் வகை மட்டும் (கேஐவி-2) ஒரு சிலரிடம் ஓரிரு பிரதிகளாகவும், வேறு சிலரிடம் 40க்கும் மேற்பட்ட பிரதிகளாகவும் இருக்கும். ஒவ்வொரு பிரதியும் டிஎன்ஏவில் சுமார் 5,500 எழுத்து நீளம். பிரதி குறைந்த புரதம் கல்லீரல் செல்லிலிருந்து வேகமாக வெளியேறுகிறது. பிரதி கூடியது உள்ளேயே தேங்கிச் சிதைகிறது. ஆகவே புரதம் சிறியதானால் ரத்தத்தில் அதன் எண்ணிக்கை கூடும், பெரிதானால் குறையும். பின்வரும் எல்லாச் சிக்கலும் இந்த எதிர்விகிதத்தில் தொடங்குகிறது.

அளக்கும் வழிகள்

பெரும்பாலான ஆய்வகங்களில் நடப்பது நோயெதிர்ப்பு முறை: எதிர்ப்புரதத்தை (ஆன்டிபாடி) சேர்த்து, கலங்கலின் அளவைப் பார்ப்பது. அந்த எதிர்ப்புரதம் கேஐவி-2 பிரதிகளிலும் ஒட்டக்கூடியது என்றால், அது துகள்களை எண்ணவில்லை, மடிப்புகளை எண்ணுகிறது. அளவுகோல் மாதிரியில் 20 பிரதி கொண்ட புரதம் இருந்து, நோயாளியிடம் 12 பிரதிதான் இருந்தால், விடை உண்மையைவிடக் குறைவாக வரும். 35 பிரதி உள்ளவருக்கு அதிகமாக வரும். குறைத்துக் காட்டப்படுபவர்தான் சிறிய புரதம் உடையவர், அதாவது அபாயம் கூடியவர். தவறு நேர்வதற்கு இதைவிட மோசமான இடம் இல்லை.

நல்ல வணிகக் கருவிப்பெட்டிகள் இதைச் சமாளிக்க ஐந்து அளவுகோல் மாதிரிகளைத் தருகின்றன. தாழ்ந்த அளவுக்குப் பெரிய புரதம், உயர்ந்த அளவுக்குச் சிறிய புரதம் என இயற்கையின் போக்கையே பின்பற்றி அவை அமைக்கப்பட்டிருக்கும். மருந்து எடுக்காதவரிடம் இது நன்றாகவே வேலை செய்யும். ஆனால் மருந்தால் அளவு சரிந்த ஒருவரை நினைத்துப் பாருங்கள். அவருடைய புரதம் சிறியது. அளவோ இப்போது தாழ்ந்துவிட்டது. கருவி அவரைப் பெரிய புரத மாதிரியோடு ஒப்பிடுகிறது. விடை இன்னும் குறைவாக வரும், மருந்து உள்ளதைவிடச் சிறப்பாக வேலை செய்ததாகத் தெரியும். சிகிச்சைக்கு முன்பும் பின்பும் ஒரே கருவியில் அளந்தால் போதும் என்ற நம்பிக்கை இங்கே கைகொடுக்காது.

அலகு அடுத்த பிரச்சினை. மில்லிகிராம்/டெசிலிட்டர் என்பது நிறை: புரதம், கொழுப்பு, சர்க்கரை எல்லாம் சேர்ந்த எடை. நானோமோல்/லிட்டர் என்பது துகள்களின் எண்ணிக்கை. ஒன்றை மற்றொன்றாக மாற்ற 2 முதல் 2.5 வரை பல பெருக்கல் எண்கள் புழங்குகின்றன. துகளின் எடையே ஆளுக்கு ஆள் மாறும்போது, எல்லோருக்கும் பொருந்தும் ஓர் எண் இருக்க முடியாது. மருத்துவ வழிகாட்டல்களில் 50 மி.கி./டெ.லி. என்பதும் 125 நானோமோல்/லி. என்பதும் அருகருகே அச்சாவதால் அவை சமம் என்று தோன்றுகிறது. அவை இரு தனித்தனி எல்லைகள், அவ்வளவே. ஐரோப்பிய பெருந்தமனித் தடிப்புச் சங்கத்தின் 2022 அறிக்கை நடைமுறைக்கு ஏற்றது: 30 மி.கி. அல்லது 75 நானோமோலுக்குக் கீழ் என்றால் கவலை இல்லை. 50 அல்லது 125க்கு மேல் என்றால் அபாயம் உண்டு. இடைப்பட்டது சாம்பல் பகுதி. அந்தப் பகுதியில் விழுந்தவருக்கு இன்னொரு முறை அளப்பது நியாயம். மற்றவர்களுக்கு வாழ்நாளில் ஒருமுறை போதும், ஏனெனில் இந்த அளவு உணவுக்கோ உடற்பயிற்சிக்கோ பெரிதாக அசைவதில்லை.

ஒருமுறைதான் என்றால் அந்த ஒருமுறை சரியான நேரத்தில் நடக்க வேண்டும். சிறுநீரில் புரதம் கொட்டும் நெஃப்ரோடிக் நிலை, சிறுநீரகச் செயலிழப்பு, சிகிச்சை பெறாத தைராய்டு குறைவு ஆகியவை அளவை உயர்த்தும். கடும் அழற்சியும் உயர்த்தக்கூடும். இந்த மரபணு அழற்சிச் சமிக்ஞைப் புரதமான இன்டர்லூக்கின்-6க்கு எதிர்வினை காட்டுகிறது, அந்தப் பாதையைத் தடுக்கும் டோசிலிசுமாப் கொடுத்தால் அளவு இறங்குகிறது. முற்றிய கல்லீரல் நோயும் வாய்வழி ஈஸ்ட்ரோஜெனும் தாழ்த்தும். வெறும் வயிறு தேவையில்லை. சீரமும் ஆகும், பிளாஸ்மாவும் ஆகும். மாதிரியை நெடுநாள் வைக்க வேண்டுமானால் மைனஸ் 70 டிகிரி அல்லது அதற்குக் கீழே வையுங்கள். மைனஸ் 20இல் ஆண்டுக்கணக்கில் கிடந்த மாதிரியின் எண்ணை நம்பி ஆய்வுக் கட்டுரை எழுதுவது வீண் வேலை. மிக உயர்ந்த அளவில் எதிர்ப்புரதம் போதாமல் போய் விடை பொய்யாகத் தாழும் வாய்ப்பும் உண்டு. கருவியின் மேல் எல்லையை நெருங்கும் எந்த மாதிரியையும் நீர்க்கச் செய்து மறுபடி ஓட்டுவது பாதுகாப்பு.

மாற்று வழிகளில் இரண்டு நல்லவை. கேஐவி-2ஐ விட்டுவிட்டு, ஒருமுறை மட்டுமே வரும் ஒன்பதாம் வகை மடிப்பில் ஒட்டும் எதிர்ப்புரதத்தைப் பயன்படுத்தும் எலிசா என்ற ஆய்வக முறை ஒன்று. மடிப்பு வரிசைக்கு வெளியே உள்ள பெப்டைடுகளை (புரதத் துண்டுகளை) அவற்றின் நிறையால் அடையாளம் கண்டு எண்ணும் நிறைமானி முறை மற்றொன்று. இரண்டும் புரதத்தின் நீளத்தைப் பொருட்படுத்தாமல் துகளை எண்ணுகின்றன. அன்றாட மருத்துவமனை வேலைக்கு இவை மெதுவானவை. மருந்துச் சோதனையின் மைய ஆய்வகத்துக்கோ, இவற்றில் ஒன்று இல்லாமல் இருப்பதற்குச் சாக்கு கிடையாது.

மரபணுவையே படித்துவிட்டால் என்ன? கேட்க அழகான யோசனை, நடைமுறையில் பலவீனம். ஆர்எஸ்10455872, ஆர்எஸ்3798220 என்ற இரு ஓரெழுத்து மாற்றங்கள் 2009இல் பிரபலமாயின. ஐரோப்பிய வழியினரைப் பார்த்த அந்த ஆய்வில், ரத்த அளவு ஆளுக்கு ஆள் வேறுபடுவதில் 36 விழுக்காட்டை இவ்விரண்டும் சேர்ந்து விளக்கின. மீதி 64 விழுக்காடு வெளியே நிற்கிறது. அதோடு இவை நேரடிக் காரணிகள் என்பதைவிட, சிறிய புரதத்தைத் தரும் மரபணு வடிவத்தோடு ஒட்டிவரும் அடையாளங்களாகவே பெரிதும் பயன்படுகின்றன. வேறு மூதாதையர் வழியில் அந்த ஒட்டுறவு தளர்ந்துவிடும், அடையாளமும் பொருளிழக்கும். ஒரு மக்கள் கூட்டத்தில் உருவான மரபணு மதிப்பெண்ணை மற்றொன்றுக்குக் கடன் வாங்குவது இந்த மரபணுவில் மிகவும் ஆபத்து.

கேஐவி-2 பிரதிகளைப் பிசிஆர் மூலம் எண்ணுவது இன்னொரு பாதை. அது தருவது இரு குரோமோசோம்களின் கூட்டுத்தொகை. மொத்தம் 50 என்று வந்தால் அது 25+25ஆக இருக்கலாம், 10+40ஆகவும் இருக்கலாம். முன்னவருக்கு அளவு மிதமாக இருக்க வாய்ப்பு. பின்னவர் அந்தப் 10 பிரதிப் புரதத்தால் வெகு உயரத்தில் இருக்கக்கூடும். ஒரே எண், இரு வேறு மனிதர்கள். குறுந்துண்டு மரபணு வரிசையாக்கமும் இதே குழியில் விழுகிறது. ஒரே மாதிரியான பிரதிகள் எல்லாம் குறிப்பு வரிசையின் சில பிரதிகள் மேல் குவிந்துவிடும். அவற்றில் ஒன்றில் மட்டும் உள்ள மாற்றம், மொத்தத்தில் 40இல் ஒரு பங்காகச் சுருங்கி, வழக்கமான மென்பொருளின் கண்ணுக்குப் படாமல் போகும். இதன் விளைவு சிறியதல்ல: கேஐவி-2 பகுதியில் உள்ள 4925 ஜி>ஏ (ஜி எழுத்து ஏ ஆவது) என்ற மாற்றம் ஆர்என்ஏ வெட்டி ஒட்டப்படுவதைக் கெடுத்து, சிறிய புரதம் உடையவரிடம்கூட அளவைக் கணிசமாகத் தாழ்த்துகிறது. அதைத் தவறவிட்டால் கணிப்பு தலைகீழாகும். நீள்துண்டு வரிசையாக்கமோ, இதற்கென்றே எழுதப்பட்ட மென்பொருளோதான் தீர்வு.

இவ்வளவு சிரமப்பட்டுப் புரதத்தின் நீளத்தை அறிந்தாலும், ஐஸ்லாந்தில் 2019இல் வெளியான பெரிய ஆய்வு காட்டியபடி, இதயத் தமனி நோயின் அபாயத்தைச் சொல்வது மோலார் அளவுதான் (துகள்களின் எண்ணிக்கை). அளவு தெரிந்தபின் நீளம் புதிதாக எதையும் சேர்ப்பதில்லை. எனவே நோயாளிக்கான முடிவில் தயக்கம் வேண்டாம்: புரதத்தை, நானோமோலில், நீளத்தைப் பொருட்படுத்தாத முறையில் அளக்க வேண்டும். மரபணு படிப்புக்கு இடம் உண்டு, ஆனால் வேறு கேள்விகளுக்கு. காரண-விளைவு உறவை நிறுவ, சீரம் கெட்டுப்போன பழைய சேமிப்புகளைப் பயன்படுத்த, மருந்துக்கு எதிர்பாராத விடை காட்டியவரைப் புரிந்துகொள்ள அது உதவும். உறவினர் பரிசோதனைக்குக்கூட அது தேவையில்லை. உடன்பிறந்தவருக்கும் பிள்ளைக்கும் ஒரு ரத்த அளவீடு போதும்.

எவ்வளவு இறக்கினால் பலன்?

மருந்து வகையைத் தேர்வதற்கு முன் இதைக் கணக்கிடாதவர்கள் தவறான நோயாளிகளைச் சேர்த்துவிடுவார்கள். பிறவியிலேயே அளவு தாழ்ந்தவர்களை ஒப்பிடும் மெண்டலிய ஆய்வுகள், எல்டிஎல் கொழுப்பை 38.67 மி.கி. குறைப்பதற்கு நிகரான பலன் வேண்டுமானால் லிப்போபுரோட்டீன்(ஏ)வை எவ்வளவு குறைக்க வேண்டும் என்று மதிப்பிட்டன. 2018இல் வந்த விடை சுமார் 101.5 மி.கி./டெ.லி.; அடுத்த ஆண்டு வேறு குழுவின் விடை 65.7. இந்த வித்தியாசத்திலும் அளவீட்டு முறைகளின் கை இருக்கிறது.

எப்படிப் பார்த்தாலும் தேவைப்படுவது பெரிய இறக்கம். 45 மி.கி. உள்ளவருக்கு 90 விழுக்காடு குறைத்தாலும் 40தான் இறங்கும். 120 உள்ளவருக்கு 108 இறங்கும். விழுக்காடு ஒன்றே, பலன் வேறு. எல்பிஏவைக் குறிவைக்கும் பெலகார்சென் மருந்தின் இறுதிக் கட்டச் சோதனை 70 மி.கி.க்கு மேற்பட்டவர்களையும், அதே இலக்குள்ள ஒல்பசிரான் மருந்தின் சோதனை 200 நானோமோலுக்கு மேற்பட்டவர்களையும் மட்டும் சேர்த்ததற்குக் காரணம் இதுவே. இன்னொன்று: பிறவித் தாழ்வு என்பது அறுபது எழுபது ஆண்டுச் செய்தி, மருந்துச் சோதனை சில ஆண்டுகள். மரபணுத் தரவு எவ்வளவு உறுதியாக இருந்தாலும் அது சோதனை முடிவுக்கு மாற்றாகாது.

அடக்கும் வழிகள்

ஏற்கெனவே கையில் இருப்பவற்றை விரைவாகக் கடக்கலாம். எல்டிஎல்லைக் குறைக்கும் வழக்கமான மருந்தான ஸ்டாட்டின் இதைக் குறைப்பதில்லை. நியாசின் (வைட்டமின் பி3) 20 முதல் 30 விழுக்காடு குறைத்தது; ஆனால் பெரிய சோதனைகளில் மாரடைப்பு குறையவில்லை. பிசிஎஸ்கே9 எதிர்ப்புரதங்களும் ஏறத்தாழ அதே அளவு குறைக்கின்றன. எல்டிஎல்லையும் வெகுவாக இறக்குவதால் இன்றைய நோயாளிக்குப் பயன் உண்டு. ரத்தத்திலிருந்து துகளை வடிகட்டும் அஃபெரசிஸ் ஒரு அமர்வில் 60 முதல் 75 விழுக்காடு இறக்கும், பிறகு அளவு மெல்ல ஏறிவிடும்; வாரம் ஒருமுறையோ இரு வாரத்துக்கு ஒருமுறையோ வாழ்நாள் முழுக்கத் தொடர வேண்டும்.

எல்பிஏவையே குறிவைப்பவற்றில் முதலில் வந்தது ஆன்டிசென்ஸ். ஒற்றை இழைத் துண்டு கல்லீரல் செல்லுக்குள் எல்பிஏ ஆர்என்ஏவோடு ஒட்ட, ஆர்என்ஏஸ்-எச் நொதி அதை வெட்டுகிறது. பெலகார்சென் இந்த வகை. இதோடு கேலக்நாக் என்ற சர்க்கரைக் கொத்து இணைக்கப்பட்டிருப்பதால் மருந்து நேராகக் கல்லீரலைச் சேர்கிறது, குறைந்த அளவே போதுமாகிறது. 2020இல் வெளியான இரண்டாம் கட்டச் சோதனையில் வாரம் 20 மி.கி. கொடுத்தபோது 80 விழுக்காடு குறைந்தது. இறுதிக் கட்டத்தில் கொடுப்பது மாதம் 80 மி.கி.

அடுத்த வகை எஸ்ஐஆர்என்ஏ; இது குறுகிய இரட்டை இழை ஆர்என்ஏ. அதில் ஓர் இழை ரிஸ்க் என்ற புரதக் கூட்டத்தில் அமர்ந்து, ஒன்றன்பின் ஒன்றாகப் பல ஆர்என்ஏக்களை வெட்டிக்கொண்டே இருக்கும். அதனால்தான் இது நீடிக்கிறது. ஒல்பசிரான் 12 வாரத்துக்கு ஒருமுறை 75 மி.கி. கொடுத்தபோது போலி மருந்தோடு ஒப்பிட 97 விழுக்காடு குறைந்தது, 10 மி.கி.க்கே 70 விழுக்காடு. இதே வகையைச் சேர்ந்த லெபோடிசிரான் 400 மி.கி. கொடுத்தவர்களிடம் 60ஆம் நாள் முதல் 180ஆம் நாள் வரையிலான சராசரி இறக்கம் 93.9 விழுக்காடு.

ஆற்றலும் இடைவெளியும் பார்த்தால் எஸ்ஐஆர்என்ஏ முன்னே நிற்கிறது. ஆனால் நீடிப்பு என்பது இருபக்கமும் கூரான கத்தி. ஒல்பசிரானின் உயர் அளவுகளில், கடைசி ஊசிக்கு ஏறக்குறைய ஓராண்டு கழித்தும் 40 முதல் 50 விழுக்காடு இறக்கம் மிஞ்சியிருந்தது. எதிர்பாராத தீங்கு தெரிய வந்தால் மருந்தைத் திரும்ப எடுக்க வழி கிடையாது, காத்திருக்க வேண்டும். இதுவரை பெரிதாகத் தெரிந்தது ஊசி போட்ட இடத்து வலியும் சிவப்பும்தான். மிகத் தாழ்ந்த லிப்போபுரோட்டீன்(ஏ) உள்ளவர்களிடம் சர்க்கரை நோய் சற்றுக் கூடுதலாகக் காணப்படுவதாக மக்கள் குழுக்களைப் பின்தொடரும் ஆய்வுகள் சொல்கின்றன. காரணமா, தற்செயலா என்பது தீராதவரை, சோதனைகளில் சர்க்கரையையும் பின்தொடர்வது அறிவுடைமை.

மாத்திரை வேறு கதை. முவலப்ளின் என்ற மாத்திரை மரபணுவையும் ஆர்என்ஏவையும் தொடுவதில்லை. அப்போ(ஏ) அப்போபியோடு இணைய இரண்டு படிகள்: முதலில் ஏழாம், எட்டாம் வகை மடிப்புகள் அப்போபியின் லைசின் என்ற அமினோ அமிலங்களைப் பற்றுகின்றன, பிறகு ஒன்பதாம் வகையின் சிஸ்டைன் என்ற அமினோ அமிலம் கந்தகப் பிணைப்பால் பூட்டுகிறது. மாத்திரை முதல் படியைத் தடுக்கிறது. துகள் உருவாவதில்லை, புரதம் உருவாகிறது. ஆகவே ரத்தத்தில் தனி அப்போ(ஏ) மிஞ்சுகிறது, வழக்கமான கருவி அதையும் சேர்த்தே எண்ணுகிறது. 2024இல் வெளியான 12 வாரச் சோதனையில் தினம் 240 மி.கி. எடுத்தவர்களிடம், அப்போ(ஏ)வையும் அப்போபியையும் ஒருசேரப் பிடிக்கும் முழுத்துகள் முறை 85.8 விழுக்காடு இறக்கத்தைக் காட்டியது. வழக்கமான முறை 68.9 மட்டுமே. ஒரே மருந்து, ஒரே அளவு, ஒரே நோயாளிகள். இதை ஆன்டிசென்ஸ் மருந்தின் 80 விழுக்காட்டோடு அட்டவணையில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுபவர்கள் எந்த முறை என்பதை எழுதாவிட்டால், அந்த அட்டவணைக்கு மதிப்பில்லை. தனியாகத் திரியும் அப்போ(ஏ) தீங்கற்றதா என்பது வேறு கேள்வி.

மாத்திரையில் கவனிக்க வேண்டிய மற்றொன்று பிளாஸ்மினோஜென். அதன் மடிப்புகளும் லைசினைப் பற்றுபவை. ரத்தக் கட்டியைக் கரைக்கும் அந்தப் புரதத்தின் செயல்பாட்டை ஒவ்வொரு சோதனையிலும் அளந்தாக வேண்டும். சாதகம் என்று பார்த்தால், நிறுத்தியதும் விளைவு மறையும். பாதகமும் அதுவே: நாள்தோறும் விழுங்காதவருக்குப் பலன் இராது.

பலனைச் சரிபார்க்க எளிய வழி ஒன்று உண்டு, பலர் அதைச் செய்வதில்லை. ஒவ்வொரு துகளிலும் அப்போபி ஒன்றே ஒன்று. 250 நானோமோல் லிப்போபுரோட்டீன்(ஏ) முழுதும் மறைந்தாலும், மூலக்கூறு எடை 5,12,000 என்று வைத்துக் கணக்கிட்டால், அப்போபி சுமார் 13 மி.கி./டெ.லி. மட்டுமே இறங்க முடியும். சோதனையில் 25 இறங்கியிருந்தால், மருந்து எல்டிஎல்லையும் தொட்டிருக்கிறது அல்லது நோயாளி ஸ்டாட்டினைக் கூட்டிவிட்டார். எல்டிஎல் கொழுப்பு எண்ணை வைத்து இதைச் செய்ய வேண்டாம். வழக்கமான எல்டிஎல் கணக்கில் லிப்போபுரோட்டீன்(ஏ)வின் கொழுப்பும் அடங்கிவிடுகிறது. அதன் எடையில் 30 விழுக்காட்டைக் கழிக்கும் பழைய சூத்திரமோ, அந்தப் பங்கு ஆளுக்கு ஆள் மாறுவதால் நம்பத்தக்கதல்ல.

கடைசியாக மரபணுத் திருத்தம். ஒருமுறை ஊசி, கல்லீரலில் நிரந்தர அமைதி. கொழுப்பு நுண்துகளில் வைத்து அனுப்பும் நுட்பமும் தயாராக இருக்கிறது. ஆனால் வெட்டும் நொதிக்கு இடம் காட்டும் வழிகாட்டி ஆர்என்ஏவை எங்கே பொருத்துவது என்பதில்தான் இந்த மரபணு கடுமை காட்டுகிறது. கேஐவி-2 பகுதியில் பொருத்தினால், 15 பிரதியும் 25 பிரதியும் உள்ள ஒருவரின் ஒவ்வொரு செல்லிலும் 40 இடங்களில் வெட்டு விழும். பெரிய நீக்கங்களும் செல் இறப்பும் எதிர்பார்க்க வேண்டியவையே. ஒருமுறை மட்டும் வரும் பகுதிகளைத் தேடிப் போனால், அவற்றில் பல பிளாஸ்மினோஜெனோடு 90 விழுக்காட்டுக்கும் மேல் ஒத்தவை. இரண்டும் ஒரே குரோமோசோமில் அண்டை வீடுகள். இரண்டிலும் வெட்டு விழுந்தால் நடுவே உள்ள நீளமே கழன்றுவிடலாம். ஆகவே வழிகாட்டி வரிசை பிளாஸ்மினோஜெனிலிருந்து பல எழுத்துகள் வேறுபட வேண்டும், அதுவும் நொதி ஒட்டும் முனைக்கு அருகில். பல மூதாதையர் வழியினரின் வரிசைகளில் சரிபார்க்கவும் வேண்டும்.

விலங்கில் முன்னோட்டம் பார்ப்பதும் எளிதல்ல. எலிக்கு இந்த மரபணுவே கிடையாது. மனிதர், மனிதக் குரங்குகள், பழைய உலகக் குரங்குகள் ஆகியவற்றுக்கு மட்டும் உண்டு (முள்ளெலியிடம் தனிப்பாதையில் ஒத்த புரதம் தோன்றியது ஒரு விந்தை). மனித எல்பிஏ செருகிய எலியில் திருத்தம் வேலை செய்தாலும், அதன் சொந்தப் பிளாஸ்மினோஜென் மனிதனுடையதிலிருந்து வேறுபட்டது. நமக்கு மிகவும் வேண்டிய பாதுகாப்புக் கேள்விக்கு அந்த எலி விடை சொல்லாது. குரங்கில் வரிசை மாறுபடுவதால், மனிதனுக்கான வழிகாட்டி அங்கே பொருந்தாமல் போகலாம். மனிதக் கல்லீரல் செல்களை வளர்த்து, திருத்தத்துக்குப் பின் நீள்துண்டு வரிசையாக்கத்தால் இரு மரபணுக்களையும் நடுப்பகுதியையும் முழுதாகப் படிப்பதே நம்பத்தக்க வழி. குறுந்துண்டு முறை இங்கே பெரிய நீக்கத்தைக் காணாமல் விட்டுவிட்டு, எல்லாம் சுத்தம் என்று அறிக்கை தரும். வெட்டாமல் மரபணுவை மூடிவைக்கும் எபிஜெனெடிக் முறை இந்த அபாயங்களில் பலவற்றைத் தவிர்க்கிறது. திருத்தத்தில் இறங்கியே தீருவது என்று முடிவு செய்த குழு அதைத்தான் முதலில் முயல வேண்டும். அதுவும் எஸ்ஐஆர்என்ஏ சோதனைகள், அளவை இறக்கினால் மாரடைப்பு குறைகிறது என்று நிறுவிய பிறகு. ஆறு மாதத்துக்கு ஒரு ஊசியில் 90 விழுக்காட்டைத் தாண்டும் மருந்து சோதனையில் இருக்கையில், திரும்பப் பெறவே முடியாத ஒன்றுக்கு அவசரம் காட்ட இப்போதைக்குக் காரணம் இல்லை.